வட்டி குறைவு, அசல் எவ்வளவு?

தமிழ்நாட்டில் இப்போது இரண்டு ஜி.ஐ. புழங்குகிறது. ஒன்று, புவிசார் குறியீடு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் கிடைத்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் கிடைத்தது. கிடைத்தால் பேப்பரில் போட்டோ வரும், ஊரே காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளும். இன்னொன்று, கிளைசெமிக் இண்டெக்ஸ். சாப்பிட்ட பண்டம் ரத்தத்தில் எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று சொல்கிற எண். இந்த ஜி.ஐ. கூடினால் யாரும் ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடுவதில்லை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, நாரையும் மற்றதையும் கழுவித் தள்ளிவிட்டு எடுக்கிற சுத்தமான மாவுதான் ஜவ்வரிசி. முதல் ஜி.ஐ.யில் பாஸான பண்டம் இரண்டாவது ஜி.ஐ.யில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

இந்த வாரம் பேசப்போவது இரண்டாவது ஜி.ஐ.யைப் பற்றி. ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நாலு அலமாரி தாண்டி நடந்து பாருங்கள். 'லோ ஜி.ஐ.' அரிசி, 'லோ ஜி.ஐ.' ஆட்டா, சாமை நூடுல்ஸ், தினை பிஸ்கட். சர்க்கரை நோயாளிக்கு என்று ஆரம்பித்த சமாசாரம், சத்தமில்லாமல் 'உடம்பு இளைக்க' என்று மாறிவிட்டது. சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். மூன்று வேளையும் தட்டில் வந்து உட்காருகிற ஒரு எண்ணுக்கு ஏன் எழுதக்கூடாது?

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிளைசெமிக் இண்டெக்ஸ் மோசடி இல்லை. 1981-ல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் என்கிற டாக்டரும் அவருடைய சகாக்களும் கொண்டுவந்தது. அதுவரை சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்பட்டது இதுதான்: இனிப்பு ஆகாது, சோறு ரொட்டி எல்லாம் மெதுவாக ஜீரணமாகும், பரவாயில்லை. நிஜமாகவே அப்படித்தானா என்று ஜென்கின்ஸ் கோஷ்டி அளந்து பார்த்தது. அளந்தால், பல இடங்களில் கதை தலைகீழாக இருந்தது.

எப்படி அளக்கிறார்கள்? ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த பத்துப் பேரைக் காலையில் உட்கார வைக்கிறார்கள். உடம்பில் சேரக்கூடிய மாவுச்சத்து 50 கிராம் வருகிற அளவுக்கு ஒரு பண்டத்தைக் கொடுக்கிறார்கள். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு விரலில் குத்திக் குத்தி ரத்தச் சர்க்கரையை அளக்கிறார்கள். அதே ஆட்களுக்கு இன்னொரு நாள் 50 கிராம் குளுக்கோஸ். குளுக்கோஸ் ஏற்றியதை 100 என்று வைத்துக்கொண்டால், பண்டம் ஏற்றியது எத்தனை? அதுதான் ஜி.ஐ. 55-ம் அதற்குக் கீழும் குறைவு. 56 முதல் 69 வரை நடுத்தரம். 70-ம் அதற்கு மேலும் அதிகம்.

நம் அரிசியையும் அளந்தாயிற்று. சென்னையில் டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் பொன்னி 70, சோனா மசூரி 72, சுர்த்தி கோலம் 77. மூன்றும் 'அதிகம்' கட்சி. 

இப்போது உலகப் பட்டியலைப் பார்ப்போம். சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜென்னி பிராண்ட் மில்லரும் சகாக்களும் 2008-ல் வெளியிட்ட சர்வதேச அட்டவணை இது. வேகவைத்த உருளைக்கிழங்கு 78. தர்பூசணி 76. வெள்ளைச் சோறு 73. பிரவுன் ரைஸ் 68. சிறுதானியக் கஞ்சி 67. வெள்ளைச் சர்க்கரை 65. தேன் 61. உருளைக்கிழங்கு சிப்ஸ் 56. ஐஸ்கிரீம் 51. சாக்லேட் 40.

இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். சோற்றைவிடச் சர்க்கரை தேவலை. தர்பூசணியைவிட ஐஸ்கிரீம் தேவலை. அவித்த உருளைக்கிழங்கைவிட எண்ணெயில் பொரித்த சிப்ஸ் தேவலை. இந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றி யாராவது இளைத்தால் அவருக்குச் சிலை வைக்கலாம்.

காரணம் இல்லாமல் இல்லை. சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது நேராக ரத்தச் சர்க்கரையாக ஏறுவதில்லை, கல்லீரலுக்குப் போய்விடுகிறது. அதனால் எண் குறைகிறது. சிப்ஸில், ஐஸ்கிரீமில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு வயிற்றைக் காலியாக விடாமல் இழுத்துப் பிடிக்கும். அதனால் எண் குறைகிறது. எண் சொல்வது ஏறுகிற வேகத்தை மட்டும்தான். இடுப்பு அளவைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவே இல்லை.

நான் படித்தது பி.காம். எனக்கு ஒரு விஷயம் பிடிபட வேண்டும் என்றால் அதை வட்டிக் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். ஜி.ஐ. என்பது வட்டி விகிதம். தட்டில் இருக்கிற மாவுச்சத்து, அசல். இரண்டையும் பெருக்கினால்தான் கட்டவேண்டிய வட்டி தெரியும். தர்பூசணிக்கு 76 பர்சென்ட், கந்து வட்டிதான். ஆனால் ஒரு பத்தையில் இருக்கிற மாவுச்சத்தே 6 கிராம் சொச்சம். வட்டி நாலரை. சாப்பாட்டு ஹோட்டலில் முதல் ரவுண்டுச் சோற்றில் மட்டும் 60 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 பர்சென்ட் பொன்னி. வட்டி 42. 'நான் பொன்னி தொடுவதில்லை, 55 பர்சென்ட் சிறுதானியம்தான்' என்று ஒருவர் ஒன்றரை மடங்கு போட்டுக்கொண்டால்? 90 கிராமுக்கு வட்டி 49 ரூபாய் 50 காசு! விகிதம் குறைந்தது, கட்டியது கூடியது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 1997-லேயே இந்தப் பெருக்கலைப் போட்டு 'கிளைசெமிக் லோடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பரிமாறலுக்கு 10-க்குள் என்றால் குறைவு, 20-ம் அதற்கு மேலும் என்றால் அதிகம். ஆனால் பாக்கெட்டில் ஜி.ஐ.யைத்தான் பெரிசாகப் போடுவார்கள். அசல் பின்பக்கம், எறும்பு எழுத்தில். இதே வேலையைக் கடன் பத்திரத்தில் செய்தால் செபி சும்மா விடுமா?

பாவம், கேரட்டின் கதையைக் கேளுங்கள். 1981-ல் வந்த முதல் பட்டியலில் கேரட்டுக்கு 92. கேரட்டில் மாவுச்சத்து கொஞ்சம்தான். 50 கிராம் தேற வேண்டுமானால் முக்கால் கிலோ கேரட்டை ஒரே மூச்சில் தின்ன வேண்டும். எந்தக் கல்யாண வீட்டிலும் அப்படிப் பரிமாறிப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு டயட் புத்தகங்கள் கேரட்டைத் தள்ளி வைத்தன. 2008 அட்டவணையில் கேரட்டுக்கு 39. கேரட் மாறவில்லை. அளவுதான் மாறியது.

*

இந்த அட்டவணையைப் புத்தகத்தில் படிப்பதைவிட, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பார்ப்பது சுலபம். ரிஷிவந்தியத்தில் நின்றுகொண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

ரிஷிவந்தியம் என்றால் அரசியல் பிரியர்களுக்கு விஜயகாந்த் ஞாபகம் வரும். 2011-ல் அங்கே ஜெயித்துத்தான் எதிர்க்கட்சித் தலைவரானார். பக்தர்களுக்கு அர்த்தநாரீஸ்வரர். லிங்கத்துக்குத் தேனாபிஷேகம் நடக்கும்போது அம்பாளின் உருவம் தெரியும் என்று தரிசிக்கப் போகிறார்கள். ஆக, தேன்: 61. சுற்று வட்டாரத்தில் கரும்பு, மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. சர்க்கரை: 65. வயலில் நெல். பொன்னி: 70. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. மலையாளிப் பழங்குடி மக்களின் காடுகளில் ஒரு பக்கம் மரவள்ளி, இன்னொரு பக்கம் சாமை. மரவள்ளி லாரி ஏறி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. சாமை பாக்கெட்டில் ஏறி சென்னைக்கு வருகிறது. மொத்த அட்டவணையும் ஒரே மாவட்டத்தில் முடிந்தது.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். தேன். காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் இளைக்கும் என்பது தமிழ்நாட்டின் எழுதப்படாத சட்டம். சர்க்கரைக்கும் தேனுக்கும் ஜி.ஐ.யில் வித்தியாசம் 4 புள்ளி. ஒரு மேஜைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. வெந்நீர் அதைக் கரைக்கும். நம்மைக் கரைக்காது.

கரும்பு. இதிலும் ஜி.ஐ. வியாபாரம் உண்டு. 2009-ல் ஆஸ்திரேலியாவில் 'லோ ஜி.ஐ. சர்க்கரை' என்றே ஒரு சர்க்கரையைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். கரும்பிலிருந்தே எடுத்த சாறைச் சர்க்கரை மேல் தெளித்து, எண்ணைக் கீழே இறக்கியிருந்தார்கள். கலோரி? அது ஏறக்குறைய அதே இடத்தில். இதைவிடத் தெளிவாக, எண் வேறு எடை வேறு என்று யாரால் சொல்ல முடியும்?

இனி சாமை. இதில்தான் விஷயமே இருக்கிறது.

என் நண்பர் ஒருவர், ஆடிட்டர். காலேஜில் ஒரே பெஞ்ச். நாலு மாசமாக அரிசியை விட்டுவிட்டு சாமை, தினை என்று மாறியிருந்தார். பார்த்ததும் கேட்டார்: "ஏன்டா, லோ ஜி.ஐ.தானே சாப்பிடறேன், வெயிட் ரெண்டு கிலோ கூடியிருக்கு?"

"மெனுவைச் சொல்லு" என்றேன்.

காலையில் சாமைப் பொங்கல், நெய் மிதக்க. மதியம் சாமையில் சாம்பார் சாதம், அப்பளம். நாலு மணிக்குத் தினை பிஸ்கட். ராத்திரி தினை தோசை, நாலு.

"நாலா?"

"லோ ஜி.ஐ. ஆச்சேடா!"

ஊரார் கம்பெனியின் வரவு செலவில் ஒரு ரூபாய் இடித்தால் தூங்காத மனுஷன். தன் தட்டு என்று வரும்போது விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையை அவருக்குக் காட்டினேன். 100 கிராம் பச்சரிசியில் 356 கலோரி. 100 கிராம் சாமையில் 346. வித்தியாசம் பத்தே பத்து. நார்ச்சத்தில் மட்டும் சாமை நிஜமாகவே ஜெயிக்கிறது. அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, சாமையில் ஏறக்குறைய 8. புரதமும் 2 கிராம் கூட. ஆக சாமை நல்ல தானியம், சந்தேகமே இல்லை. லேசான தானியம் என்பதுதான் தப்பு. அரிசிக்குப் பதில் அதே அளவு சாமை சாப்பிட்டால் பெரிசாக எதுவும் குறையாது. கூடுதலாகச் சாப்பிட்டால் கூடும்.

சரி, ஜி.ஐ. குறைத்தால் எடை குறையும் என்று யார் சொன்னது? அதற்கு ஒரு அழகான தர்க்கம் உண்டு. சர்க்கரை சடாரென்று ஏறினால் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் வந்து சர்க்கரையைச் சடாரென்று இறக்கும். இறங்கினால் பசிக்கும், மறுபடி சாப்பிடுவோம். இன்சுலின் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். ஆகவே மெதுவாக ஏறுகிற பண்டமாகப் பார்த்துச் சாப்பிட்டால் இளைக்கலாம். 1987-ல் பிரான்சில் மிஷேல் மான்டின்யாக் என்பவர் இந்த வழியில் புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்றார். டாக்டர் இல்லை, மருந்து கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். அப்புறம் ஜி.ஐ. டயட் புத்தகங்கள் வரிசையாக வந்தன.

தர்க்கம் அழகாக இருக்கிறது. பரீட்சையில்தான் மார்க் குறைவு. பல ஆய்வுகளைச் சலித்து ஒன்றாகப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2007-ல் ஒரு தொகுப்பு போட்டது. 6 ஆய்வுகள், 202 பேர். லோ ஜி.ஐ. சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிட ஒரு கிலோ சொச்சம் கூடுதலாக இளைத்திருந்தார்கள். புத்தகக்காரர்களுக்கு இது போதும். 2023-ல் அதே காக்ரேன், 10 ஆய்வுகள், 1,210 பேர் என்று பெரிசாகப் பார்த்தது. வித்தியாசம் இல்லை, இருந்தாலும் ரொம்பக் கொஞ்சம். சாம்பிள் பெரிசானால் லாபம் சிறுத்துப்போவது எந்த மாதிரி ஸ்கீம் என்று வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு, மறைக்கக் கூடாது. ஐரோப்பாவில் 8 நாடுகளில் நடந்த டயோஜீனஸ் என்கிற ஆய்வு, 2010-ல் வெளிவந்தது. ஏற்கெனவே எடை குறைத்துவிட்டவர்கள் 773 பேர். அவர்களில், புரதத்தைக் கூட்டி ஜி.ஐ.யையும் குறைத்துச் சாப்பிட்டவர்கள்தான் குறைத்த எடையை மறுபடி ஏறாமல் நன்றாகப் பிடித்து வைத்திருந்தார்கள். கவனியுங்கள், புரதமும் கூட. தனியாக ஜி.ஐ. இல்லை.

இன்னொரு சிக்கல். உங்கள் ஜி.ஐ. வேறு, என் ஜி.ஐ. வேறு. 2015-ல் இஸ்ரேலின் வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்டில் 800 பேருக்கு உடம்பில் சர்க்கரை மானியைப் பொருத்தி ஒரு வாரம் கவனித்தார்கள். ஒரே பண்டம் ஒருவருக்கு ஏற்றியதை இன்னொருவருக்கு ஏற்றவில்லை. பத்துப் பேரின் சராசரியை வைத்துத்தான் பாக்கெட்டில் எண் போடுகிறார்கள். அந்தப் பத்தில் நாம் இல்லையே!

*

மறுபடி மலைக்கு வருவோம். 'நம் தாத்தா பாட்டி சாமை சாப்பிட்டார்கள், ஒல்லியாக இருந்தார்கள்' என்கிற வாக்கியத்தை மேடையில் கேட்டால் கைதட்டல் நிச்சயம். மலைக்காட்டில் சாமை சாப்பிட்டவர்கள் அதை எதோடு சாப்பிட்டார்கள்? துவரை, மொச்சை, அவரை, கீரை. எதற்கு அப்புறம் சாப்பிட்டார்கள்? சரிவில் ஏறி இறங்கி, களை எடுத்து, விறகு சுமந்து, அந்தச் சாமையையே உரலில் போட்டுக் குத்தி எடுத்து. எவ்வளவு சாப்பிட்டார்கள்? இதை யாரும் கேட்பதில்லை. இருந்த அளவு. பல வருஷங்களில் அது போதாத அளவு. பஞ்சத்தை டயட் என்று சொல்வதற்கு நமக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும்.

அந்தச் சாமை ஏன் குறைந்தது? பக்கத்துக் கொல்லிமலையில் நடந்ததை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கூட இருந்து பார்த்துப் பதிவு செய்திருக்கிறது. மரவள்ளி வந்தது, கையில் காசு வந்தது. ரேஷன் அரிசி வந்தது. சாமையைக் குத்திப் புடைப்பது பெண்களின் முதுகை ஒடிக்கிற வேலை. அதற்கு ஒரு சின்ன மெஷின்கூட ரொம்ப நாள் யாரும் செய்து தரவில்லை. அந்தப் பெண்கள் அரிசிக்கு மாறியதைக் குறை சொல்ல நாம் யார்?

இப்போது மெஷின் வந்துவிட்டது. வந்ததில் ஒரு வில்லங்கமும் வந்தது. சாமையின் நார்ச்சத்தில் பெரும்பங்கு தவிட்டில்தான் இருக்கிறது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் இருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கடையில் மாசக்கணக்கில் இருக்க வேண்டுமே! ஆகவே பாலீஷ் போடுகிறார்கள். நகரத்து வாடிக்கையாளருக்கும் வெள்ளையாக இருந்தால்தான் திருப்தி. நாரைச் சீவித் தள்ளிவிட்டு, நார் இருந்தபோது வாங்கிய நல்ல பெயரை மட்டும் பாக்கெட்டில் ஒட்டி விற்றால் அது என்ன நியாயம்? பளிச்சென்று வெள்ளையாக இருக்கிற சாமையை நம்பாதீர்கள். மங்கலாக, கொஞ்சம் பழுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சமாக வாங்குங்கள்.

அதே மாதிரி மாவும். தானியம் முழுசாக இருந்தால் வயிறு அதை உடைக்க நேரம் எடுக்கும். மைபோல அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் பாதி வேலையை மிக்ஸியே முடித்துவிடுகிறது. ஹைதராபாத் இக்ரிசாட் 2021-ல் தொகுத்துப் பார்த்ததில் சிறுதானியங்களின் சராசரி ஜி.ஐ. 53-ஐ ஒட்டி, தீட்டிய அரிசி 72-ஐ ஒட்டி. சந்தோஷம். ஆனால் நாம் மேலே பார்த்த சிட்னி அட்டவணையில் சிறுதானியக் கஞ்சி 67. அப்புறம் பிஸ்கட், நூடுல்ஸ். பாக்கெட்டைத் திருப்பி முதல் வரியைப் படியுங்கள். முன்பக்கம் சாமைக் கதிர் ஆடும். பின்பக்கம் முதல் பொருள் மைதா என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

*

இதெல்லாம் பாக்கெட் வாங்கக் காசு இருப்பவர்கள் கதை. ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டுகிறவர், நடவு நடுகிற அம்மா, இவர்களுக்கு லோ ஜி.ஐ. என்ன சொல்கிறது?

சர்க்கரை வியாதி பணக்கார வியாதி என்ற காலம் போய்விட்டது. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நாடு முழுக்க எடுத்த இண்டியாப் சர்வே 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேர். அதே சர்வேயின் சாப்பாட்டுக் கணக்கு 2025 செப்டம்பரில் வந்தது. இந்தியர் சாப்பிடும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. இன்னொரு வரியும் அதில் இருந்தது. வெள்ளை அரிசியை விட்டுவிட்டுக் கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் மாதிரி புரதத்தை வைத்தால் குறைகிறது. கலோரியில் 5 சதவிகிதத்தை அப்படி மாற்றினாலே வித்தியாசம் தெரிகிறது.

ஆடிட்டருக்கு நான் வட்டிக் கணக்கில் சொன்னதை இந்தச் சர்வே நாடு முழுக்கப் போட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டது. விகிதத்தை நோண்டாதே, அசலைக் குறை.

இப்போது ரேஷன் கடைக்குப் போவோம். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி இலவசம். நாலு பேர் இருக்கிற சாதாரண அரிசிக் கார்டுக்கு மாதம் 20 கிலோ. பசியை ஒழித்த திட்டம், அதைக் கிண்டல் செய்கிறவன் நான் இல்லை. 2007-ல் ஆரம்பித்த சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பும் தருகிறார்கள். கார்டுக்கு 1 கிலோ, 30 ரூபாய். 20-க்கு 1. இந்த விகிதம்தான் அந்தக் குடும்பத்தின் தட்டை எழுதுகிறது. சோறு மலைபோல, குழம்பு தண்ணியாக. 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். நல்லதுதான். ஆனால் மாவுச்சத்துக்குப் பதில் மாவுச்சத்து. இன்னொரு கிலோ பருப்போ, கொண்டைக்கடலையோ, பச்சைப்பயறோ கொடுத்தால்தான் கணக்கு மாறும். சத்துணவில் குழந்தைக்கு முட்டை வைக்கத் தெரிந்த மாநிலத்துக்கு இது முடியாத காரியம் இல்லை.

நிஜமான லோ ஜி.ஐ. பண்டம் எங்கே என்று கேட்டால், அது பாக்கெட்டிலேயே இல்லை. அதே சிட்னி அட்டவணையில் கொண்டைக்கடலை 28. பருப்பு வகைகள் 32. ராஜ்மா 24. நாரும் உண்டு, புரதமும் உண்டு, வயிறும் நிறையும். பிள்ளையார் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் சாஸ்திரத்துக்கு ஒரு கை வாங்கிக்கொள்கிறோமே, அந்தச் சுண்டல். கடற்கரையில் பேப்பரில் மடித்துத் தரும்போது யாரும் அதன்மேல் 'லோ ஜி.ஐ.' என்று ஸ்டிக்கர் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் விலை மூன்று மடங்காகியிருக்கும்.

ஆகவே, செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். அரிசியா சாமையா என்ற பட்டிமன்றத்தை நிறுத்துங்கள். எதுவானாலும் ஒரு கரண்டி குறையுங்கள். அந்த இடத்தில் சுண்டலோ, கூட்டோ, முட்டையோ, மீனோ வையுங்கள். முடிந்தால் அதை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். நியூயார்க்கில் 2015-ல் சர்க்கரை நோயாளிகளுக்கு அப்படி முறை மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை கணிசமாகக் குறைவாக ஏறியது. பார்த்தது 11 பேரைத்தான், ஆனால் செலவில்லாத யோசனை. பழைய சோற்றைக் கிண்டல் செய்யாதீர்கள். ஆறிய சோற்றில் மாவின் ஒரு பகுதி எளிதில் ஜீரணமாகாத வடிவத்துக்கு மாறுகிறது. சோற்றைத் தேங்காய் எண்ணெய் விட்டு வேகவைத்து ஆறப்போடுவது பற்றி 2015-ல் கொழும்பிலிருந்து சுதேர் ஜேம்ஸும் புஷ்பராஜா தவராஜாவும் ஒரு ஆய்வைக் கொண்டுபோய் அமெரிக்க மாநாட்டில் பேசினார்கள். அது ஆய்வகச் சோதனை, அதை வைத்துக்கொண்டு ரெண்டு தட்டு சாப்பிட வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று சோற்றைக் குறைக்க வேண்டாம். சர்க்கரை தாழ்நிலைக்குப் போய் மயக்கம் போட்டுவிடும்.

சாமை பிடித்திருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். கல்வராயன் மலையில் விளைவித்தவருக்கு நல்ல விலை போய்ச் சேர்ந்தால் இன்னும் நல்லது. ருசிக்காக வாங்குங்கள், நாருக்காக வாங்குங்கள். பாக்கெட் மேல் இருக்கிற எண்ணுக்காக வாங்காதீர்கள். அந்த எண் பத்துப் பேர் வெறும் வயிற்றில், தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் சாப்பிட்டபோது எடுத்தது. உங்கள் வீட்டில் சாம்பார் உண்டு, பொரியல் உண்டு, 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ' என்று சொல்கிற ஆளும் உண்டு. எடை ஏறுவது பெரும்பாலும் அந்த 'இன்னும் கொஞ்ச'த்தில்தான். அதற்கு எந்த ஆய்வகத்திலும் இதுவரை ஜி.ஐ. எடுக்கவில்லை.